வார்னிஷ் அடிக்க விடாதீர்கள்

கேள்வி: மொரீஷியஸில், க்யூர்பிப் ஊரில் இருக்கிறோம். எழுத்தாளர் மால்கம் தெ ஷசால் வரைந்ததாகச் சொல்லப்படும் பறவைப் படம் ஒன்று தாத்தா காலத்திலிருந்து வீட்டில் மாட்டியிருக்கிறது. இப்போது பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. துடைத்து, வார்னிஷ் அடித்து, புது ஃபிரேம் போட்டு, சான்றிதழோடு விற்றுத் தருகிறேன் என்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

ஷசாலை வெளியுலகம் அறிந்தது எழுத்தாளராகத்தான். 1948-இல் பாரிசில் காலிமார் பதிப்பகம் வெளியிட்ட 'சான்ஸ் பிளாஸ்தீக்' என்ற நூல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. தூரிகையை எடுத்தது அதற்குப் பிறகுதான், அதுவும் பெரும்பாலும் காகிதத்தில், குவாஷில். குவாஷ் பிசின் கலந்த வண்ணம், காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும். ஈரத்துணியால் துடைத்தால் புள்ளியோடு பறவையும் போய்விடும். வார்னிஷ் அடித்தால் நிறம் இருண்டுவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது. உங்கள் ஊர் ஈரத்துக்குப் பூசணம் வருவது இயல்பு. வெளிச்சுவரிலிருந்து இறக்கி, வெயில் படாத உலர்ந்த அறையில் வையுங்கள்.

கண்ணாடியையாவது கழற்றலாமா? படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் கழற்றலாம். ஆனால் பழைய ஃபிரேம்களில் பல நேரம் இடையட்டை இருக்காது, வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நனைந்ததுபோல் மினுங்கும் திட்டு தெரிந்தால் கழற்றாதீர்கள், கத்தியால் நெம்பாதீர்கள். கண்ணாடியோடே காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் போகட்டும். கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் இதேதான்: வெளிப்பக்கம் டேப் ஒட்டி, படம் மேலே பார்க்கும்படி படுக்கவைத்துக் கொண்டுபோங்கள்.

'புது ஃபிரேம்' என்ற பேச்சில்தான் சூது இருக்கிறது. பழைய பின்னட்டையில் கடை லேபிள், தேதி, தாத்தாவின் எழுத்து என்று ஏதாவது இருக்கும். படம் உங்கள் வீட்டில் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. இந்தத் தரகர்கள் முதலில் கழற்றுவது அதைத்தான். அந்த அட்டை வேறொரு போலிப் படத்தின் முதுகில் ஏறியதையும் பார்த்திருக்கிறேன். ஷசாலின் பூவும் பறவையும் குழந்தை வரைந்ததுபோல் எளிமையானவை, போலி செய்கிறவனுக்கும் அதே எளிமை வசதி. விற்கிறவரே எழுதித் தரும் சான்றிதழுக்கு மளிகைச் சீட்டின் மதிப்புகூடக் கிடையாது.

அரசு அலுவலகத்தில் கேளுங்கள் என்று சொல்ல ஆசைதான். இப்படி ஒரு விஷயமாக நான் போட்ட கடிதம் இன்னும் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது! அதனால் நீங்களே தொடங்குங்கள். படத்தின் முன், பின், ஓரங்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். தாத்தாவுக்கு இது யார் மூலம் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, தேதியோடு அவர்கள் கையெழுத்தையும் வாங்குங்கள். அப்புறம் யாரிடம் கொடுத்தாலும், போட்டோ ஒட்டிய ரசீது கைக்கு வராமல் படம் வாசலைத் தாண்டக் கூடாது.