நல்ல ரிசல்ட் வந்தும் பங்கு ஏன் விழுது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, கனடாவில இருக்கிற என்ர தமையன் கணினிச் சிப் விக்கிற அமெரிக்கக் கொம்பனி என்விடியாவின்ர பங்கு வச்சிருக்கிறார். 2024 ஆகஸ்ட்ல கொம்பனி நல்ல ரிசல்ட் குடுத்துது, அடுத்த நாளே விலை விழுந்திட்டு எண்டு சொல்லிக் கவலைப்பட்டவர். உழைப்பு கூடினா விலை ஏறத்தானே வேணும்? ஆர் உதைப் போட்டு விழுத்திறது?
— வாசகி, பரந்தன்

பதில்: தங்கச்சி, அந்த ரிசல்ட் உண்மையிலேயே நல்ல ரிசல்ட்தான். மூண்டு மாச வருமானம் 30 பில்லியன் டொலர், முந்தின வருசத்தோட பாத்தா 122 வீதம் கூட. அப்பிடி இருந்தும் அடுத்த நாள் 6 வீதத்துக்கு மேல இறங்கினது. ஏனெண்டா இவ்வளவு வரும், இதை விடவும் கூட வரும் எண்டு நினைச்சு ஆக்கள் முதலே வாங்கி விலையை ஏத்தி வச்சிட்டினம், ரிசல்ட் வந்த உடன புதுசா வாங்க ஆக்கள் குறைவு, லாபத்தை எடுப்பம் எண்டு விக்கிற ஆக்கள்தான் கூட.

இன்னொண்டும் இருக்கு, அதுதான் முக்கியம். காலபோக அறுவடை நேரம் எங்கட பக்கம் எல்லாரும் ஒரே கிழமையில மிசின் விட்டு வெட்டினம், காயவைக்க இடமில்லை, உரக்கடைக் கடன் குடுக்கோணும், ஈர நெல்லையே வயலடியில வச்சு வாற வியாபாரிக்குக் குடுக்கினம், விலை விழுந்து போகுது. நெல்லில பிழையே? இல்லையே, எல்லாருக்கும் ஒண்டா விக்கவேண்டி வந்தது, அவ்வளவுதான். கனபேரின்ர காசைச் சேர்த்துப் பங்கு வாங்கிற பெரிய பண்டுகளுக்கும் உப்பிடி விக்கவேண்டி வாற நாள் இருக்கு. 2024 ஜூலை 31ல ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 வீதத்துக்குக் கூட்டினது, யென் பெறுமதி ஏறினது, குறைஞ்ச வட்டிக்கு யென்னில கடன் எடுத்து அமெரிக்க டெக் பங்குகளை வாங்கி வச்சிருந்தவைக்குக் கடன் பாரம் கூடிப்போச்சு, கையில இருந்ததை அவசரமா வித்தினம். ஆகஸ்ட் 5ல ஜப்பானின்ர நிக்கேய் சுட்டெண் (பெரிய கொம்பனிகளின்ர பங்கு விலையைச் சேர்த்துக் காட்டுற கணக்கு) 12 வீதத்துக்கு மேல விழுந்தது, டெக் பங்குகள் கூடின அமெரிக்க நாஸ்டாக் சுட்டெண்ணும் 3 வீதத்துக்கு மேல இறங்கினது. அடுத்த நாள் நிக்கேய் 10 வீதம் திரும்ப ஏறினது. ஒரு நாளில ஒரு கொம்பனியும் கெட்டுப்போய்த் திரும்பத் திருந்தேல்லை.

கேள்வி: விலையை ஆட்டுறது பெரிய பண்டுகளா, போனில வாங்கி விக்கிற சின்ன ஆக்களா? பெரிய ஆக்கள் என்ன வாங்கினம் எண்டு பாத்து நாங்களும் வாங்கலாமே?
— மாணவர், வவுனியா

பதில்: தம்பி, ரெண்டு பேரும்தான், ஆனா வேற வேற விதமா. பெரிய ஆக்களில கனபேர் யோசிச்சு வாங்கிறதில்லை, விதிப்படி வாங்கினம். மின்சாரக் கார் செய்யிற டெஸ்லாவை, பெரிய அமெரிக்கக் கொம்பனிகளின்ர சுட்டெண்ணான எஸ் அண்ட் பி 500ல சேர்க்கப்போறம் எண்டு 2020 நவம்பரில அறிவிச்சவை, டிசம்பர் 21ல சேர்த்தவை. அந்தச் சுட்டெண்ணைப் பின்பற்றுற பண்டுகள் எல்லாம் என்ன விலை எண்டாலும் வாங்கியே ஆகோணும், அது தெரிஞ்ச மற்ற ஆக்கள் முந்தி வாங்கி விலையை ஏத்தினவை.

சின்ன ஆக்களின்ர பலத்துக்கு 2021 ஜனவரி கேம்ஸ்டொப் கதை. அது வீடியோ கேம் விக்கிற கடைக் கொம்பனி. விலை விழும் எண்டு நம்பிப் பெரிய பண்டுகள் பங்கை இரவல் வாங்கி வித்து வச்சிருந்தவை, சின்ன ஆக்கள் கூட்டமா வாங்க விலை ஏறினது, இரவல் எடுத்தவையும் பங்கைத் திருப்பிக் குடுக்கிறதுக்காக வாங்கவேண்டி வந்தது, இன்னும் ஏறினது. அந்த மாசத் தொடக்கத்தில 20 டொலருக்கும் குறைவா இருந்த பங்கு 28ம் திகதி 483 மட்டும் போய், சில புரோக்கர்மார் வாங்கிறதை மறிச்ச உடன அண்டைக்கே 193க்கு வந்து முடிஞ்சது. உச்சியில வாங்கின ஆக்களை நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியும்.

இதுக்குள்ள ஆப்ஷன் எண்டு ஒண்டும் இருக்கு. விலை ஏறும் எண்டு சின்னக் காசைக் கட்டி ஆக்கள் கோல் ஆப்ஷன் (பிறகு ஒரு குறிச்ச விலைக்குப் பங்கை வாங்கிற உரிமை) வாங்கினம், அதை வித்த நிறுவனம் தன்ர நட்டத்தைத் தடுக்க உண்மையான பங்கை வாங்கி வைக்கும், விலை ஏற ஏற இன்னும் வாங்கும், இறங்கினா அதே வேகத்தில விக்கும். அதாலதான் சின்ன ஆட்டமும் பெரிய ஆட்டமா மாறுது.

பெரிய ஆக்களைப் பாத்து வாங்கலாமோ எண்டு கேட்டனீங்கள். 100 மில்லியன் டொலருக்கு மேல பங்கு வச்சிருக்கிற அமெரிக்க நிறுவனங்கள் என்ன வச்சிருக்கினம் எண்டு காலாண்டு முடிஞ்சு 45 நாளுக்குள்ள அறிக்கை குடுத்தால் போதும். யூடியூப்பில "இன்ன பண்ட் வாங்கிட்டுது" எண்டு கத்திறது அந்த அறிக்கையைப் பாத்துத்தான், நீங்கள் கேக்கிற நேரம் அவை அதை வித்திட்டும் இருப்பினம்.

கேள்வி: வட்ஸ்அப் குறூப் ஒண்டில ஒவ்வொரு நாளும் பின்னேரம் அமெரிக்கப் பங்கு "சிக்னல்" தருகினம், லாபம் நிச்சயம் எண்டுகினம். அம்மாவின்ர சங்கிலியை அடகு வச்சுப் போடவோ எண்டு யோசிக்கிறன்.
— புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். 2025 ஜனவரி 27ல டீப்சீக் எண்ட சீன ஏஐ கொம்பனி பற்றின செய்தியால என்விடியா ஒரே நாளில 17 வீதம் விழுந்தது, கிட்டத்தட்ட 590 பில்லியன் டொலர் பெறுமதி போச்சு, அடுத்த நாள் 9 வீதம் அளவு ஏறினது. உலகத்திலேயே பெரிய பண்டுகளால முன்கூட்டிச் சொல்லேலாததை உந்தக் குறூப் அட்மின் என்னெண்டு நிச்சயமாச் சொல்லுறார்? அவரிட்ட ஒண்டு கேளுங்கோ, பங்கு ஆரின்ர பேரில இருக்கும்? கொழும்புப் பங்குச் சந்தையில எண்டா லைசென்ஸ் உள்ள புரோக்கர் மூலம் உங்கட பேரில சீடிஎஸ் எண்ட பங்குக் கணக்குத் திறபடும், பங்கு அதுக்குள்ள உங்கட பேரில கிடக்கும். உந்தக் குறூப்பில காசு போடச் சொல்லுற வங்கிக் கணக்கு ஒரு தனி ஆளின்ரயா இருந்தா அதோட விட்டிடுங்கோ. ஏற்கனவே ஏதும் போட்டிருந்தா மெசேஜ், வங்கி ரசீது ஒண்டையும் அழிக்காமல் பொலிசில முறைப்பாடு குடுங்கோ, குறூப்பில இருக்கிற மற்ற ஆக்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ.