வீட்டில் எஸ்பிரசோ: எந்த மெசினுக்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: நானும் கணவரும் ஹட்டனில் ஆசிரியர்கள். காலையில் ஆளுக்கொரு கோப்பி, அந்திக்கு ஆளுக்கொன்று. கொழும்புக்குப் போனபோது குடித்த கப்புச்சினோ பிடித்துப்போனதால் வீட்டுக்கு ஒரு எஸ்பிரசோ மெசின் வாங்க யோசிக்கிறோம். கையில் ஒரு லட்சம் ரூபா இருக்கிறது. கடையில் ஒன்று 15 பார், இன்னொன்று 20 பார் என்று காட்டி, 20தான் திறம் என்கிறார்கள். இவற்றின் பாதி விலைக்கும் குறைவாக இன்னொரு மெசினும் இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: முதலில் அந்த 'பார்' கணக்கை விட்டுவிடுங்கள். எஸ்பிரசோ என்பது சுடுதண்ணீரைக் கோப்பித்தூள் வழியாக அழுத்தித் தள்ளி இறக்கும் கெட்டிக் கோப்பி. அதற்குத் தேவையான அழுத்தம் ஏறக்குறைய 9 பார். பெட்டியில் போட்டிருக்கும் 15ம் 20ம் அந்தப் பம்ப் ஆகக்கூடினால் எவ்வளவு தள்ளும் என்பதற்கான எண்கள். உங்கள் கோப்பையில் விழும் கோப்பிக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. 20 என்று எழுதியிருப்பதற்காக ஒரு சதம்கூட மேலதிகமாகக் கொடுக்க வேண்டாம்.

பாதி விலை மெசினைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கடையில் அதன் மேல்மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரை மேலே ஊற்றி, கனமான மூடியைத் திருகி இறுக்க வேண்டியிருந்தால் அது நீராவி மெசின். அதற்குள் பம்பே கிடையாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியின் அழுத்தத்தில் கோப்பித்தூள் வழியாகத் தள்ளும். அழுத்தம் போதாது, சூடோ அளவுக்கு மிஞ்சியது. வருவது கருகல் கசப்போடு ஒரு கடுங்கோப்பி. பம்ப் உள்ள மெசினில் தண்ணீர்த் தொட்டி தனியாகக் கழன்று வரும், பிளாஸ்டிக்கில் இருக்கும், போட்டவுடன் 'கிர்ர்' என்று பம்ப் சத்தம் கேட்கும். இரண்டுக்கும் பெட்டியில் 'எஸ்பிரசோ மேக்கர்' என்றே எழுதியிருப்பதால் ஏமாறுவது சுலபம். நீராவி மெசினை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

இனி, கடையில் யாரும் வாய் திறக்காத விஷயத்துக்கு வருவோம்: அரைக்கும் கருவி. எஸ்பிரசோவின் ருசியில் பெரும்பங்கு தூளின் நைசில் இருக்கிறது. தூள் சற்றுப் பருமனானால் தண்ணீர் பத்து நொடியில் ஓடிவிடும், கோப்பி புளிக்கும். சற்று நைசானால் சொட்டுச் சொட்டாக வடிந்து கசக்கும். கொட்டை பழசாகப் பழசாக, வானிலை மாற மாற இந்த நைசையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். டவுனில் அரைத்து வாங்கிய தூளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. மிக்சியின் பிளேடாலும் முடியாது. அது கொட்டையைத் துண்டு துண்டாக வெட்டுமே தவிர ஒரே சீராக அரைக்காது. பல்சக்கரம் உள்ள, எஸ்பிரசோ அளவுக்கு நைசாக அரைக்கும் கிரைண்டர் வேண்டும். மின்சாரத்தில் ஓடும் நல்ல கிரைண்டருக்கு உங்கள் காசு போதாது. கையால் சுற்றும் நல்ல கிரைண்டர் போதும். இரண்டு பேருக்கு நாளைக்கு நான்கு கோப்பிதானே, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நிமிடம் சுற்றினால் சரி.

ஆகவே, ஒரு லட்சத்தில் 60,000 ரூபாவை மெசினுக்கும் 30,000 ரூபாவைக் கைக்கிரைண்டருக்கும் ஒதுக்குங்கள். மிச்சத்தில் 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்றும், பால் நுரைக்க ஸ்டீல் ஜக் ஒன்றும் வாங்குங்கள். மெசினுக்கே முழுக்காசையும் கொடுத்துவிட்டுத் தூளைக் கடையில் வாங்குகிறவர்களைவிட நல்ல கோப்பி உங்கள் வீட்டில் வரும். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

60,000 ரூபா மெசினில் பார்க்க வேண்டியது கைப்பிடிக்குள் இருக்கும், தூள் போடும் வடிகிண்ணம். அதைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். உள்ளே நிறையத் துளை தெரிந்து, அடியில் வெளிப்பக்கம் ஒரேயொரு ஊசித்துளை மட்டும் இருந்தால் அது இரட்டைச் சுவர்க் கிண்ணம். தூள் எப்படி இருந்தாலும் அந்த ஊசித்துளையே அழுத்தத்தை உண்டாக்கி, மேலே நுரையையும் காட்டிவிடும். பார்க்க அழகாக இருக்கும், ருசியில் அந்த அழகு இருக்காது. இந்த விலையில் பெரும்பாலான மெசின்கள் இந்தக் கிண்ணத்தோடுதான் வருகின்றன, அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். அதே அளவில் ஒற்றைச் சுவர்க் கிண்ணம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். டெலோங்கி டெடிகா போன்ற, 51 மில்லிமீற்றர் விட்டமுள்ள கிண்ணம் போடும் மெசின்களுக்கு அது ஒன்லைனில் கிடைக்கிறது. டெடிகா 15 சென்டிமீற்றர் அகலமே உள்ள மெசின், சின்னக் குசினிக்கும் தோதானது. 58 மில்லிமீற்றர் கிண்ணம் போடும் கஜியா கிளாசிக் இன்னும் உறுதியானது, உதிரிப்பாகம் மாற்றி நெடுநாள் வைத்திருக்கலாம். ஆனால் அதையும் கிரைண்டரையும் சேர்த்து வாங்க உங்கள் லட்சம் போதாது.

ஆரம்பத்துக்கு 15 கிராம் தூள் போட்டு, கோப்பையில் 30 கிராம் கோப்பி, 25 முதல் 30 நொடிக்குள் விழுகிறதா என்று பாருங்கள். வேகமாக விழுந்தால் அடுத்த தடவை நைசாக அரையுங்கள், மெதுவானால் பருமனாக. முதல் வாரம் கொஞ்சம் கொட்டை வீணாகும், அது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

வாங்கும் முன் பிளக் பொயின்டையும் பாருங்கள். இந்த மெசின்கள் 1,350 வொட் அளவில் கரண்ட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 6 அம்பியர். பழைய குவாட்டஸ் வீடுகளில் இருக்கும் உருண்டைப் பின் 5 அம்பியர் பொயின்டில், அடப்டர் போட்டு இதைக் குத்தவே கூடாது. வயர் சூடாகி உருகும். 13 அம்பியர் பொயின்ட் ஒன்றை நல்ல எலக்ட்ரீசியனைக் கொண்டு இழுத்த பிறகு மெசினை வாங்குங்கள். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் முழு வேகத்தில் இழுத்தாலும் கால் யூனிட்கூட ஆகாது.

தூள் அடைத்த சின்னக் குப்பிகளைப் போட்டுக் கோப்பி இறக்கும் கெப்சியூல் மெசின் வேண்டாம். கெப்சியூல் தீரும்போதெல்லாம் கொழும்பைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும், ஒரு கோப்பிக்கு ஆகும் செலவும் அதிகம்.

இவ்வளவு காசு போடத் தயக்கமாக இருந்தால், அதே கைக்கிரைண்டரோடு ஒரு மொக்கா பொட் வாங்குங்கள். இத்தாலியில் 1933இல் வந்த, அடுப்பில் வைக்கும் சின்ன அலுமினியப் பாத்திரம். அதில் அழுத்தம் 1 முதல் 2 பார்தான், ஆகவே எஸ்பிரசோ என்று சொல்ல முடியாது. ஆனால் சூடான பால் சேர்த்தால் மிக நல்ல கோப்பி. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் போனதே, அப்படி ஒரு காலம் திரும்ப வந்தாலும் கேஸ் அடுப்பில் இது வேலை செய்யும். நீராவி மெசினுக்குக் கொடுக்கும் காசுக்கு இது எவ்வளவோ மேல்.

கேள்வி: ஹாலிஎலயில் எங்கள் வீட்டு வேலியோரம் கோப்பி மரங்கள் நிற்கின்றன. அம்மா பழத்தைக் காயவைத்து, உரலில் குத்தி, சட்டியில் கருக வறுத்து, மல்லியும் சுக்கும் சேர்த்து மில்லில் அரைத்து வைப்பார். அந்தத் தூளை எஸ்பிரசோ மெசினில் போடலாமா?

பதில்: அந்தத் தூளைப் போடாதீர்கள். சுக்கின் நாரும் மல்லியின் தோலும் வடிகிண்ணத்தின் துளைகளை அடைக்கும், தண்ணீர் போக வழியின்றிப் பம்ப் திணறும். சுக்கு மணம் வேண்டுமென்றால் கோப்பையில் சேருங்கள். அம்மாவின் தூளை வழக்கம்போல ஊற்றிக் குடியுங்கள், அதன் ருசி வேறு.

ஆனால் உங்கள் கொட்டையைத் தாராளமாக மெசினுக்குப் பயன்படுத்தலாம். பயன்படுத்த வேண்டும் என்றே சொல்வேன். நம் முன்னோரை இந்த மலைக்குக் கொண்டுவந்தது கோப்பிதான். 1869இல் இலைத் துருநோய் தெரியத் தொடங்கி, கொஞ்சக் காலத்தில் கோப்பித் தோட்டங்கள் அழிந்துபோயின, அந்த இடங்களில் தேயிலை ஏறியது. இன்று நம் வேலியோரங்களில் நிற்கும் மரத்துக் கொட்டையை நாமே நல்லபடி குடிக்காமல், வெளிநாட்டுப் பொதிக்குக் காசு கொடுப்பது எனக்கு வருத்தமான விஷயம்.

செய்ய வேண்டியது இதுதான். நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பறியுங்கள். பச்சையும் பழமும் கலந்தால் எப்படி வறுத்தாலும் துவர்க்கும். வெறும் தரையில் காயப்போடாமல் வலைத் தட்டில் பரப்பி, அடிக்கடி கிளறுங்கள். மழையும் பனிமூட்டமும் வந்தால் உள்ளே எடுங்கள், பூஞ்சணம் பிடித்த கொட்டையின் வாடை வறுத்தாலும் போகாது. பல்லால் கடித்தால் பதியாத அளவுக்குக் காய வேண்டும். தோல் நீக்கிச் சட்டியில் போட்டால், கை ஓயாமல் கிளற வேண்டும். முதலில் பலமாக வெடிக்கும், பிறகு அடங்கி, இரண்டாவது தடவை மெல்லிய சடசடப்புத் தொடங்கும். அந்த இடத்தில் இறக்கிச் சுளகில் கொட்டிப் புடைத்து ஆறவிடுங்கள். அம்மா வறுக்கும் கருக்கல் பதத்துக்குப் போனால் எண்ணெய் கசிந்து கிரைண்டரின் பல்லில் ஒட்டிக்கொள்ளும். வறுத்த அன்றே மெசினில் போட வேண்டாம், உள்ளிருக்கும் வாயு அடங்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம் விடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், நம் ஊர் ஈரத்துக்குத் திறந்து வைத்த கொட்டை சீக்கிரம் நமுத்துவிடும்.

உங்கள் மரம் ரொபஸ்டா என்ற கோப்பி இனமாக இருந்தால் கசப்புக் கூடுதலாக இருக்கும், நுரையும் கெட்டியாக வரும். பால் கோப்பிக்கு அது நன்றாகவே பொருந்தும்.

கேள்வி: நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடுகிறதே, இங்கே எஸ்பிரசோ மெசின் சரியாக வேலை செய்யுமா? குளிரால் ஏதும் கெடுமா?

பதில்: வேலை செய்யும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கிறது. ஆனால் மெசினுக்குள் தண்ணீர் 9 பார் அழுத்தத்தில் இருக்கிறது, அங்கே அது கொதிக்காது. கோப்பி போடாமல் வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்தால், மெசினின் வாய்க்கு வந்ததும் சீறி ஆவி பறக்கலாம். வெளிக்காற்றுக்கு வந்தவுடன் கொதிப்பதுதான் காரணம், பழுதல்ல.

குளிர்தான் உங்கள் பிரச்சினை. சிறிய மெசின்கள் ஒரு நிமிடத்துக்குள் 'ரெடி' லைட் காட்டிவிடும், ஆனால் கைப்பிடி ஐஸ் போலக் கிடக்கும். அந்த உலோகமே சூட்டையெல்லாம் உறிஞ்சிவிட்டால் கோப்பி புளிக்கும். கைப்பிடியை மாட்டி, தூள் போடாமல் ஒரு தடவை சுடுதண்ணீரைக் கோப்பைக்குள் ஓடவிட்டு, இரண்டையும் சூடாக்கிய பிறகு போடுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நம் மலைத் தண்ணீர் பொதுவாக மென்மையானது, யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர்போலச் சுண்ணாம்பு படியாது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு இல்லையென்றால் அடிக்கடி சிட்ரிக் அசிட் ஊற்றிக் கழுவத் தேவையில்லை. ஆனால் ஊற்றிலிருந்து வரும் பைப் தண்ணீர் மழை நாளில் கலங்கும். வடிகட்டாமல் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: மகன் கட்டாரிலிருந்து லீவுக்கு வருகிறார். கனடாவிலிருக்கும் தம்பியும் ஒரு மெசின் அனுப்புகிறேன் என்கிறார். எதை ஏற்கலாம்? (பண்டாரவளை வாசகி)

பதில்: மகனிடம் சொல்லுங்கள். கட்டாரில் கரண்டும் சதுரப் பின் பிளக்கும் நமக்குப் பொருந்தும். கனடா மெசின் 120 வோல்ட். இங்கே நேராகக் குத்தினால் எரிந்துவிடும், அதற்கேற்ற பெரிய டிரான்ஸ்போர்மரின் விலைக்கு இன்னொரு கிரைண்டர் வாங்கலாம். தம்பிக்கு ஏதாவது அனுப்ப ஆசையென்றால் கைக்கிரைண்டர் கேளுங்கள், அதற்கு வோல்ட் கணக்கில்லை. வெளியிலிருந்து வரும் மெசினுக்கு இங்கே பெரும்பாலும் வொரண்டி கிடைக்காது என்பதை மகன் தெரிந்து வாங்கட்டும்.

கேள்வி: தலவாக்கலையில் மெசின் வாங்கி இரண்டு மாதம். கைப்பிடியைச் சுற்றித் தண்ணீர் வழிகிறது. ஒரு வருட வொரண்டி உண்டு, ஆனால் 'நீங்கள் சரியாகப் பாவிக்கவில்லை' என்று கடையில் திருப்பி அனுப்புகிறார்கள்.

பதில்: முதலில் வீட்டில் ஒரு சோதனை. மெசினின் தலையில், கைப்பிடி மாட்டும் இடத்தில் ஒரு றப்பர் வளையம் இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கிண்ணத்தில் தூளைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வழிந்தால் வளையமோ கைப்பிடியோ பழுது, அதைத் திருத்தித் தருவது கடைக்காரரின் பொறுப்பு.

அவர் மறுத்தால், வழிவதை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பில், வொரண்டி அட்டை இரண்டின் பிரதியோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது, 'அடுத்த வாரம் வாங்க' என்று கடையில் சொல்வதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். எங்கே, எப்படிக் கொடுப்பது என்று 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். கடைக்குக் கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் திகதியோடு ஒரு கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள்.