என் பையனுக்கு, மசில், துப்பாக்கின்னு இல்லாத ஹீரோ உள்ள ஆக்‌ஷன் ப்ளாட்ஃபார்ம் கேம் (தாவிக் குதிச்சு ஏறி ஓடற வகை) ஏதாவது இருக்கா?

இருக்கு. ஏப்ஸ் ஒடிஸி. ஆட்வேர்ல்ட் வரிசைல முதல் கேம், 1997ல ப்ளேஸ்டேஷனுக்கு வந்தது. உங்க பையன் நாள்பூரா டுமீல் டுமீல்னு சுட்டுட்டே இருக்கறதைப் பாத்து நொந்துபோய்த்தான் கேக்கறீங்கன்னு நினைக்கிறேன், எங்க வீட்லயும் அதே கதைதான்.

ஹீரோ ஏப் ஒரு கறி ஃபேக்டரில தரை துடைக்கிற அடிமை. ஒல்லிப்பிச்சான், வாயைத் தைச்சு வெச்சிருப்பாங்க. அடுத்து கறியாகப் போறது தன்னோட ஆளுங்கதான்னு ஒட்டுக்கேட்டுட்டு ஓடறான். உயிர் எவ்வளவு மிச்சம்னு காட்டற ஹெல்த் பார் கிடையாது, ஒரு குண்டு பட்டா செத்தான். கையில துப்பாக்கியும் கிடையாது, கண்ணை மூடி மந்திரம் ஜெபிச்சு காவல்காரன் உடம்புக்குள்ள பூந்து அவன் துப்பாக்கியாலயே மத்தவனைச் சுடணும். அப்ப சுடறதுதானேன்னு கேப்பீங்க, சரி, ஆனா அதுக்கு மூளை வேணும்.

நான் ஆடினது தாராவில, 90 அடி ரோடு பக்கம் ஒரு அண்ணாச்சியோட வீடியோ கேம் கடைல, மணிக்கு பத்து ரூபா. டூப்ளிகேட் சிடிதான், திட்ட வராதீங்க, ஒரிஜினல் வாங்கற காசுக்கு எங்க வீட்ல ஒரு மாச அரிசி வரும். பசங்க எல்லாம் ஃபைட்டிங் கேம் ஆடுவானுங்க, என்னைப் பாத்து 'ஜாடுவாலா கேம், அப்பனுக்கு ஏத்த புள்ள'ம்பானுங்க, ஜாடுவாலான்னா இந்தில துடைப்பக்காரன். எங்கப்பா ஒரு ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங். அதனாலதான் அந்த கேமைப் பிடிச்சுதான்னா தெரியல, ஆனா விடல.

ஒருநாள் அப்பாவே என்னை இழுத்துட்டுப் போக வந்துட்டார். அடி நிச்சயம்னு உக்காந்திருந்தா, சத்தமே காணோம், டிவியைப் பாத்துட்டு நிக்கறார். திரைல ஏபோட ஆளு ஒருத்தன் முட்டி போட்டுத் தரை தேய்ச்சிட்டிருந்தான். "இப்படித் தேய்ச்சா மூட்டு போயிரும்லே, எந்திரிக்கச் சொல்லு அவன"ன்னார். கன்ட்ரோலர்ல எல்1 பட்டனை அமுக்கி ஏபை 'ஹலோ' சொல்ல வெச்சேன், அவனும் சொன்னான். அப்புறம் 'பின்னாடி வா'. எந்திரிச்சு வந்தான். அப்பா அண்ணாச்சிகிட்ட இன்னொரு பத்து ரூபா நீட்டினார்.

கேம்ல ஏபோட ஆளுங்க மொத்தம் 99 பேரைக் காப்பாத்தணும், 50 பேராச்சும் தப்பிச்சாத்தான் கடைசில அவனுங்க வந்து ஏபைக் காப்பாத்துவானுங்க. நான் 61 வரைக்கும் வந்தேன். அப்ப பாத்து சித்தப்பா பையன் ஆடின வரைக்கும் சேவ் பண்ணி வைக்கிற என் மெமரி கார்டை இரவல் வாங்கி, இடம் பத்தலைன்னு நான் சேவ் பண்ணதை அழிச்சுட்டு ரெஸ்லிங் கேமை ஏத்திட்டான். சின்ன விஷயம்னு சொல்லாதீங்க. அவன் கல்யாணத்துக்கு நான் 5001 மொய் எழுதினேன், எங்க வீட்டுப் பால் காய்ச்சுக்கு அவன் கொண்டுவந்தது ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், அதுலயும் வேற யாரோ பேரு வெட்டியிருக்கு! அந்த சேவ் பத்தி இன்னிக்கு வரைக்கும் வாயத் திறக்கல.

உங்க பையனுக்குன்னா 2014ல வந்த ரீமேக், நியூ அண்ட் டேஸ்டி, அதை வாங்குங்க. பழசுல செக்பாயின்ட், அதாவது செத்தா திரும்ப ஆரம்பிக்கிற இடம், ரொம்ப தூரம் தள்ளித் தள்ளி இருக்கும், கன்ட்ரோலரை உடைச்சுருவான். ரீமேக்ல காப்பாத்த வேண்டியவங்க 299. நான் இன்னும் பாதி கூட தாண்டல, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும்தான் டிவி கிடைக்குது.