முக்திநாத் குதிரைப் பந்தயம் பார்க்க நடந்தே போக முடியுமா?

தாராளமாக. நேபாளத்தின் முஸ்டாங் மாவட்டத்தில் நடக்கும் இந்த விழாவின் பெயர் யார்துங். கோடை முடிகிற ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி, கோயிலடி ஊரான ராணிபௌவாவில் கூடுவார்கள். பாய்ந்தோடும் குதிரையிலிருந்து சாய்ந்து, தரையில் கிடக்கும் துணியை எடுப்பதுதான் உச்சம். நம்மவர்களுக்கு முக்திநாத் கோயில்தான் திருச்சாளக்கிராமம், 108 திவ்யதேசங்களில் ஒன்று, தரிசனமும் ஆயிற்று.

மழைக்காலமாச்சே என்றால், இமயத்தின் மழைமறைவுப் பகுதி என்பதால் அங்கே மழை குறைவு. பொக்காரா நகரிலிருந்து ஜோம்சோம் போய், அங்கிருந்து நடந்து, வழியிலுள்ள காக்பேனியில் ஒரு இரவாவது தங்கி ஏறுங்கள். முக்திநாத் சுமார் 3,700 மீட்டர், அவசரப்பட்டால் தலைவலிதான். மதியக் காற்று புழுதியை வாரி இறைக்கும், காலையிலேயே நடந்துவிடுங்கள். மலையின் மறுபக்கத்திலிருந்து 5,416 மீட்டர் தொரோங் கணவாயைத் தாண்டி முக்திநாத்துக்கு இறங்கும் வழி? முதல்முறை என்றால் வேண்டாம்.