ஹைட்ரொஸுக்கு உடுப்பு தைக்கும் படலம்

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: நானுஓயா ஹீலர் அக்கா

கேள்வி: அக்கா, எங்கள் கில்ட் (சேர்ந்து விளையாடும் குழு) வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் கணினி விளையாட்டின் பேர்னிங் குரூசேட் கிளாசிக் பதிப்பில் சர்ப்பன்ட்ஷ்ரைன் கேவர்னுக்குள் நுழைந்து ஹைட்ரொஸ் என்ற பொஸ்ஸிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நான் வாரியர், ஃப்ரொஸ்ட் (பனி) பக்கத்து டேங்க், அதாவது அவன் அடியை முன்னால் நின்று வாங்குபவர். எல்லா பஃப்பும் (தற்காலிகமாகப் பலம் கூட்டும் மந்திரம், மருந்து) சேர்த்து என் ஃப்ரொஸ்ட் ரெசிஸ்டன்ஸ் (பனி அடியைத் தாங்கும் அளவு) 290. “365 எல்லாம் ஏட்டுக் கணக்கு, 290 போதும், மிச்சத்தை ஹீலர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்கிறார் ரெயிட் லீடர். ஆனால் அவன் அடியைக் கூட்டிக்கொண்டே போகும் மார்க்கில் மூன்றாவதிலேயே செத்து விழுகிறேன். இன்னும் 75 புள்ளிக்காக விளையாட்டுக் காசான கோல்டைக் கொட்டத்தான் வேண்டுமா?
— ர. பி., தலவாக்கலை

பதில்: தம்பி, மிச்சத்தை ஹீலர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்கிறவர் ஒரு நாளாவது மற்றவர்களுக்கு உயிரேற்றும் ஹீலராக உட்கார்ந்திருக்க மாட்டார். அந்த மிச்சம் எவ்வளவு என்று பார்ப்போமா?

இந்த விளையாட்டில் ரெயிட் பொஸ்ஸை 73ஆம் லெவல் என்று கணக்கெடுப்பார்கள். அதை ஐந்தால் பெருக்கினால் 365. ரெசிஸ்டன்ஸ் அதைத் தொட்டால் அந்த வகை அடியில் சராசரியாக 75 சதவீதம் கழிந்துவிடும். அதற்கு மேலே சேர்ப்பது வீண். உங்கள் 290க்குக் கழிவது ஏறக்குறைய 60 சதவீதம். அறுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று லீடர் நினைக்கிறார் போல. கழிந்ததை விடுங்கள், உங்கள் மேல் விழுவதைப் பாருங்கள். 290இல் நூற்றுக்கு 40 விழுகிறது, 365இல் 25தான். கடைசி 75 புள்ளி, நீங்கள் இப்போது வாங்கும் அடியில் எட்டில் மூன்று பங்கை எடுத்துவிடுகிறது. அதே 75 புள்ளியை வெறும் உடம்பிலிருந்து சேர்த்திருந்தால் 100 என்பது 85 ஆகியிருக்கும், அவ்வளவுதான். மேலே போகப் போகத்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் பெறுமதி கூடும். மழைநாளில் பாதிப் படங்கோடு மலையேறுகிற கதைதான் உங்கள் 290.

எல்லா பொஸ்ஸுக்கும் இப்படிச் சொல்லமாட்டேன். ஹைட்ரொஸின் சங்கதி வேறு. சுத்தமான உருவத்தில் இருக்கும்போது அவனுடைய சாதாரண அடிகூட ஃப்ரொஸ்ட். கெட்ட உருவத்துக்கு மாறினால் எல்லாம் நேச்சர் (இயற்கை, விஷ வகை). பிளேட் உடுப்பில் எத்தனை ஆயிரம் ஆர்மர் இருந்தாலும் அந்த அடியை அது தடுக்காது. இதற்கு மேல் 15 செக்கனுக்கு ஒரு மார்க் ஏறுகிறது. அடி முதலில் 10 சதவீதம் கூடும், பிறகு 25, 50, 100, அப்புறம் 250, 500. உங்கள் மூன்றாவது மார்க்கைக் கணக்குப் பாருங்கள். 40இன் ஒன்றரை மடங்கு 60. முழு ரெசிஸ்டன்ஸ் உள்ள டேங்க் நான்காவது மார்க்கில் வாங்குவது 25இன் இரட்டிப்பு, 50. நீங்கள் மூன்றில் வாங்குவதைவிட அவர் நான்கில் வாங்குவது குறைவு! பெரும்பாலான கில்டுகள் நான்காவது மார்க் வரை பிடித்துவிட்டுத்தான் அவனை மறுபக்கம் இழுத்து உருவத்தை மாற்றுகின்றன. உங்களால் அது ஏன் முடியவில்லை என்பதற்கு இதுதான் விடை. ஹீலர்களைக் கரித்துக்கொட்ட வேண்டாம்.

சரி, கோல்ட் விஷயத்துக்கு வருவோம். உடுப்பைத் தொடுவதற்கு முன் சும்மா கிடைப்பதை எண்ணுங்கள். டுரூயிட் வகை வீரர் போடும் மார்க் ஒஃப் த வைல்ட் மந்திரம் 25 (ஹைட்ரொஸின் மார்க்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). பாலடினின் ஃப்ரொஸ்ட் ஒரா அல்லது ஷாமனின் டோட்டம் 70. இரண்டையும் போட்டால் 140 ஆகாது, ஒன்றுதான் சேரும். குரொமாட்டிக் வொண்டர் பிளாஸ்க் என்ற குடிமருந்து 35. மொத்தம் 130. ஆக உடுப்பிலிருந்து வேண்டியது 235. நீங்கள் ட்வார்ஃப் இனம் என்றால் பிறப்பிலேயே 10 இருக்கிறது, 225 போதும்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம். நீங்கள் சொல்லும் “எல்லா பஃப்பும்” என்பதில் அந்த பிளாஸ்க் இருக்கிறதா? நான் பார்த்த டேங்குகளில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் ஃபோர்டிஃபிகேஷன் பிளாஸ்க்கைக் குடித்துவிட்டு வந்து நிற்பார்கள். 500 உயிர் கூடுகிறது, நல்லதுதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பிளாஸ்க்தான் வேலை செய்யும். அதை மாற்றினாலே உங்கள் பற்றாக்குறையில் பாதி போய்விடும். அடுத்து, அந்தப் பாலடின் ரெயிட்டுக்குள் உங்கள் பார்ட்டியிலேயே (ஐந்து பேர் கொண்ட சிறு குழு) இருக்கிறாரா? ஒரா பக்கத்துப் பார்ட்டிக்கு வராது. ரெயிட் லீடர் பார்ட்டி பிரிக்கும்போது அவரை உங்களோடு போடச் சொல்லிக் கேளுங்கள். நேச்சர் பக்கத்து டேங்குக்கும் இதே கதைதான், அங்கே ஹண்டரின் அஸ்பெக்ட் ஒஃப் த வைல்ட் அல்லது நேச்சர் டோட்டம், அதுவும் 70.

மிச்சம் இருக்கிற நாற்பது ஐம்பதுக்குப் புது உடுப்பே தேவைப்படாமலும் போகலாம். ஃப்ரொஸ்ட் ஆர்மர் கிட் ஒன்றுக்கு 8. சொக்கட் (கல் பதிக்கும் குழி) உள்ள உடுப்பென்றால் என்சான்டர் செய்துதரும் பிரிஸ்மாட்டிக் ஸ்பியர் எந்த நிறத்துக்கும் பொருந்தும், ஒன்றுக்கு 3. இவ்வளவும் செய்த பிறகும் எட்டவில்லை என்றால்தான் பிளாக்ஸ்மித்திடம் போய் ஐஸ்கார்ட் உடுப்பு கேளுங்கள். அதற்குப் போகும் பிரைமல்கள் என்ற மூலப்பொருட்களை கில்ட் பேங்க் தரவேண்டும். ஒரேயொரு பொஸ்ஸுக்குப் போட்டுவிட்டுப் பெட்டியில் வைக்கப்போகிற உடுப்பை டேங்க் கைக்காசில் தைக்கச் சொல்வது அநியாயம், இதை நான் எந்த லீடரிடமும் சொல்வேன்.

உடுப்பு மாற்றும்போது டிஃபென்ஸ் 490க்குக் கீழே இறங்கிவிடக்கூடாது. இறங்கினால் கிரிட் (இரட்டிப்பு அடி) விழும், சேர்த்த ரெசிஸ்டன்ஸ் எல்லாம் அந்த ஓர் அடியில் போய்விடும். பச்சை நிற ரெசிஸ்ட் உடுப்புகளில் டிஃபென்ஸ் இருக்காது என்பதால் வாரியர்களுக்கு இது பெரிய தலையிடி. கரடியாக மாறி டேங்க் செய்யும் ஃபெரல் டுரூயிட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு, டேலண்டிலேயே கிரிட் வாய்ப்பு 3 சதவீதம் கழிவதால் 415 போதும். ஆர்மரால் பயனில்லாத இடத்தில் கரடி பின்தங்கவும் போவதில்லை. அதனால் ஒரு பக்கத்தைக் கரடிக்குக் கொடுத்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. இரண்டு செட்டையும் ஒருவரே வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சண்டைக்குள் ஆயுதத்தை மாற்றலாம், சட்டையை மாற்ற முடியாது.

எல்லாம் போட்டு முடித்ததும் கொம்பட் லொக்கைத் திறந்து பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எவ்வளவு ரெசிஸ்ட் ஆனது என்று வரும். 75 என்பது சராசரி, எனவே சில அடி பாதிதான் குறைந்திருக்கும். பெரும்பாலான வரிகளில் முக்கால்வாசி போயிருந்தால் உடுப்பு சரி. பிறகு லீடரிடம் அந்த லொக்கையே காட்டுங்கள்.

கேள்வி: பழைய கிளாசிக்கில் அன்கிராஜ் கோயில் போகிறோம். அங்குள்ள பொஸ் பிரின்சஸ் ஹூஹுரானை எதிர்க்க டேங்குக்கு மட்டும் நேச்சர் ரெசிஸ்டன்ஸ் போட்டால் போதுமா, அக்கா?
— சு., பண்டாரவளை

பதில்: போதாது தங்கச்சி. அவளுடைய உயிர் 30 சதவீதத்துக்கு வந்ததும் வெறி பிடித்து, மிக அருகில் நிற்கும் 15 பேர்மேல் விஷத்தைத் துப்புவாள். டேங்க் அவர்களில் ஒருவர்தான். மற்ற 14 இடத்தையும் வாரியர், ரோக் என்று யார் யார் நிரப்புவது என்று பெயர் குறித்து, அவர்களுக்கும் நேச்சர் உடுப்புப் போடுங்கள். ஹீலரும் மேஜும் தள்ளி நிற்கட்டும். 60ஆம் லெவல் விளையாட்டில் பொஸ் 63 என்பதால் உச்ச அளவு 315. பதினைந்து பேரையும் அதுவரை கொண்டுபோக எந்தக் கில்டாலும் இலேசில் முடியாது, முடிந்தவரை போதும். கிரேட்டர் நேச்சர் புரொடெக்ஷன் போஷன் 1950 முதல் 3250 வரை விஷத்தை விழுங்கிக்கொள்ளும். 31, 32 சதவீதத்தில் குடிக்கச் சொல்லுங்கள். சண்டை தொடங்கும்போதே குடித்துவிட்டு, தேவைப்படும்போது வெறுங்கையோடு நிற்பவர்கள் எல்லாக் கில்டிலும் இருக்கிறார்கள்.

கேள்வி: நான் மெயின் டேங்க். இடி மழை வந்தால் கரண்ட் போய்விடுகிறது. 24 பேர் என்னைத் திட்டுகிறார்கள். ஓஷியானியா சேவரை விட்டு ஐரோப்பா சேவருக்குப் போகவா?
— மஸ்கெலியா வாசகர்

பதில்: கொஞ்சம் யோசிக்கவேண்டிய விஷயம். ஒக்டோபர், நவம்பரில் நம் பக்கத்தில் இடி மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான். சிட்னியில் இரவு எட்டு மணி என்றால் அந்த மாதங்களில் நமக்குப் பிற்பகல் இரண்டரை, அதாவது ரெயிட் நடக்கும் மூன்று மணி நேரமும் சரியாக மழைக்குள் மாட்டுகிறது. ஐரோப்பாவின் எட்டு மணி நமக்குக் கோடையில் இரவு பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. இடி ஓய்ந்திருக்கும், ஆனால் காலையில் வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகிறவருக்கு அது சரிவராது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போட்டு, மடிக்கணினியில் விளையாடினால் சின்னக் கரண்ட் கட்டைச் சமாளிக்கலாம். இடி பக்கத்தில் வருவதற்கு முன்பே வயரைக் கழற்றிவிடுங்கள், பொஸ் செத்தாலும் சரி, சாகாவிட்டாலும் சரி. அந்த இரண்டு மாதத்துக்கு மெயின் டேங்க் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஒஃப் டேங்காக நில்லுங்கள். உங்கள் ரெசிஸ்ட் உடுப்பைக் கடன் கேட்டால் கொடுக்க முடியாது, ஒருமுறை போட்டதுமே அது உங்களோடு ஒட்டிப்போன உடுப்பு. அதனால் புதியவருக்கு இப்போதே தைக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.