அமெரிக்க அரசு முடங்கினால் புயல் நிவாரணமும் நின்றுவிடுமா?

உடனே நிற்காது. நாடாளுமன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றாவிட்டால் நின்றுபோவது அந்தந்த ஆண்டுக்கென்று ஒதுக்கும் பணம். அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் பேரிடர் நிவாரண நிதி அந்த வகை அல்ல. அதற்குக் காலாவதி கிடையாது. செப்டம்பர் 30 நள்ளிரவு நிதியாண்டு முடிந்தாலும் மீதிப் பணம் அப்படியே இருக்கும், அதிலிருந்து செலவு செய்யலாம். அந்த நிதியிலிருந்தே சம்பளம் வாங்கும் களப் பணியாளர்களுக்குச் சம்பளமும் வரும். மற்றவர்களில், உயிரையும் சொத்தையும் காக்கும் வேலையில் இருப்பவர்கள் அப்போதைக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்க வேண்டும்.

அதனால் அரசு எந்தத் தேதியில் முடங்குகிறது என்பதைவிட, அன்றைக்கு அந்த நிதியில் எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சிக்கலும் அங்கேதான். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர். ஆண்டு முழுக்கச் செலவாகி நிதி வற்றிப்போகும் மாதமும் அதுவே.

வற்றும்போது ஃபெமா 'உடனடித் தேவை' நிலைக்குப் போகும். 2023-ல் ஆகஸ்ட் 29 அன்றும், 2024-ல் ஆகஸ்ட் 7 அன்றும் போனது. அந்த நிலையில் மீட்பு, தங்குமிடம், குடும்பங்களுக்கான நேரடி உதவி, இடிபாடு அகற்றல் எல்லாம் நடக்கும். பழைய பேரிடர்களில் உடைந்த பாலம், பள்ளிக்கூடம், குடிநீர் நிலையம் ஆகியவற்றின் நிரந்தரச் சீரமைப்புக்குப் புதிதாக ஒரு டாலர்கூட ஒப்புதல் ஆகாது. டிவியில் புதுப் புயலுக்கு உதவி போவது தெரியும். இரண்டு வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் பாலத்தை இழந்து இன்னும் சுற்றிப் போகிற ஊர் யார் கண்ணிலும் படாது. நிறுத்திய வேலையில் ஒப்பந்தக்காரர் இயந்திரங்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்; திரும்ப வரும்போது விலையும் ஏறியிருக்கும். இந்த நிறுத்தத்தின் உண்மையான விலையை அந்த ஊர்கள்தான் கொடுக்கின்றன.

இதைத் தடுக்கும் வழி தெரிந்ததுதான். முழு பட்ஜெட் தாமதமானால் இடைக்கால நிதித் தீர்மானம் போடுவார்கள். அதில் பணம் நாள் கணக்கில்தான் கிடைக்கும். ஆண்டுக்கு 2,000 கோடி டாலர் என்றால், 45 நாள் தீர்மானத்தில் சுமார் 247 கோடிதான். ஒரு பெரிய புயலுக்கு இது காணாது. எனவே பேரிடர் நிதியை மட்டும் தேவைக்கேற்ப முன்கூட்டியே எடுக்கலாம் என்று அதிலேயே ஒரு விதிவிலக்கு வாசகம் சேர்க்க வேண்டும். 2024 செப்டம்பர் 26 அன்று கையெழுத்தான தீர்மானத்தில் அந்த வாசகம் இருந்தது. அன்றிரவுதான் ஹெலீன் புயல் ஃபுளோரிடாவில் கரை கடந்தது. 2023-ல் தீர்மானத்தோடு 1,600 கோடி டாலர் கூடுதலாகவே கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், இந்த வாசகம் ஒவ்வொரு முறையும் பேரம் பேசி வாங்குவதாக இருக்கக் கூடாது, தானாகவே இடம்பெற வேண்டும்.

அமெரிக்க மாவட்ட (கவுண்டி) நிர்வாகங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபெமா பெரும்பாலும் செலவழித்த பிறகே திருப்பித் தருகிறது, குறைந்தது 75 சதவீதம். எனவே கையிருப்போ வங்கிக் கடன் வசதியோ முன்பே வேண்டும். ஏற்கெனவே ஒப்புதலான திட்டத்தின் பணத்தை 'உடனடித் தேவை' நிலையிலும் எடுக்கலாம். ஆகவே ஆகஸ்டுக்கு முன்பே கோப்புகளை முடிக்கப் பாருங்கள். நிறுத்திவைத்த காலத்திலும் விண்ணப்பம் அனுப்புவதை நிறுத்த வேண்டாம்.

பணம் மறுக்கப்படுவது பெரும்பாலும் ஆவணக் குறைகளால்தான். இடிபாடு ஏற்றும் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு லோட் டிக்கெட் வேண்டும்: லாரி எண், அதன் கொள்ளளவு கன கஜத்தில், எந்தத் தெருவில் ஏற்றியது, எந்த நேரம், எங்கே கொட்டியது, எத்தனை சதவீதம் நிரம்பியிருந்தது, கண்காணிப்பாளர் கையெழுத்து. முக்கால் லாரியை முழு லாரி என்று எழுதினால் தணிக்கையில் மாட்டும். அவசரப் பணியில் சொந்த ஊழியர்களின் வழக்கமான சம்பளத்துக்குப் பொதுவாகப் பணம் கிடையாது, ஓவர்டைமுக்குத்தான். வருகைப் பதிவில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

தேதியோடு நிஜமாகவே நின்றுபோவது ஒன்று உண்டு: தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் அனுமதி. 2025-ல் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசு முடங்கிய 43 நாளும் புதுப் பாலிசி விற்க முடியவில்லை. இருக்கும் பாலிசி செல்லும், இழப்பீடும் கிடைக்கும்; ஆனால் திட்டம் கருவூலத்தில் கடன் வாங்கும் வரம்பு 3,042.5 கோடி டாலரிலிருந்து 100 கோடிக்கு இறங்கிவிடும். வெள்ள அபாயப் பகுதியில் கடன் போட்டு வீடு வாங்குகிறவர்கள் விற்பவரின் பாலிசியைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். புதுப்பிக்க வேண்டிய பாலிசி இருந்தால், செப்டம்பர் 30-க்கு முன்பே பிரீமியத்தைக் கட்டிவிடுங்கள்.