அமெரிக்கக் கடற்படையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் வேலை பார்த்தவருக்கு ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் வந்தால், யாரிடம் இழப்பீடு கேட்பது?

படைப் பணியின்போது நேர்ந்த பாதிப்புக்காக அமெரிக்க அரசின் மீது வழக்குப் போட முடியாது. 1950-இல் ஃபெரெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அதைக் கேட்டதும் மனம் தளர வேண்டாம், வேறு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலில், முன்னாள் படைவீரர் நலத் துறையில் 21-526இஇசட் படிவம். இது வழக்கு அல்ல, விண்ணப்பம். டிடி-214 பணிச் சான்று, பயாப்ஸி அறிக்கை, கப்பலில் பார்த்த வேலையின் விவரம் ஆகியவற்றை இணையுங்கள். மீசோதெலியோமா பணியால் வந்தது என ஏற்கப்பட்டால் 100 சதவீத ஊனமாகக் கணக்கிடுவார்கள். கம்பெனிகளிடம் வாங்கும் பணத்தால் இந்தத் தொகை குறையாது. ஆனால் வருமானத்தைப் பார்த்துத் தரும் பென்ஷன் குறையலாம்.

அடுத்து, கொதிகலன், பம்ப், வால்வு செய்த கம்பெனிகள். "ஆஸ்பெஸ்டாஸைச் சேர்த்தது கடற்படைதான், நாங்கள் வெறும் இரும்பைத்தான் விற்றோம்" என்ற அவர்களின் வாதம் 2019-இல் டிவ்ரீஸ் வழக்கில் எடுபடவில்லை. அந்தப் பொருள் இயங்க ஆபத்தான உதிரிபாகம் தேவை என்று தெரிந்திருந்தால், எச்சரிக்க வேண்டிய கடமை அவர்களுக்கும் உண்டு. 1982-இல் திவாலான ஜான்ஸ்-மேன்வில் போன்ற ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனிகளின் சார்பில், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரத் தனி அறக்கட்டளை நிதிகள் உள்ளன. நிர்ணயித்த தொகையில் ஒரு பங்கைத்தான் பெரும்பாலும் தருவார்கள். அதனால் ஒன்றோடு நிறுத்தாமல், அவர் கையாண்ட பொருள்கள் எத்தனை கம்பெனிகளுடையதோ அத்தனையிலும் கேளுங்கள்.

மூன்றாவது, தளத்து வேலை. தனியார் தளம் என்றால் துறைமுகத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும். கடற்படைத் தளத்தில் சிவிலியன் ஊழியர் என்றால் வேறு சட்டம், சிஏ-2 படிவம்.

பலர் சறுக்குவது இங்கேதான். தனியார் தளத்தில் வேலை பார்த்தவர், துறைமுகத் தொழிலாளர் சட்டப்படி தனக்கு வர வேண்டியதைவிடக் குறைந்த தொகைக்கு ஒரு கம்பெனியோடு சமரசம் செய்வதானால், முதலாளியும் காப்பீட்டு நிறுவனமும் எல்எஸ்-33 படிவத்தில் முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். அது இல்லாமல் கையெழுத்திட்டால் இழப்பீடும் மருத்துவச் செலவும் சேர்ந்தே பறிபோகும். படைவீரர் வழக்கு மட்டும் நடத்திப் பழகிய வக்கீல் இதைக் கவனிக்காமல் விடக்கூடும். ஆகவே நீங்களே கேளுங்கள்.

கம்பெனிகள் மீதான வழக்கின் காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலும் நோய் கண்டறிந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்த அறை, கேஸ்கெட்டைச் சுரண்டியது யார், குழாய் உறையைப் பிரித்தது யார் என்பதெல்லாம் நோயாளிக்குத்தான் தெரியும். அவருக்குப் பேசத் தெம்பு இருக்கும்போதே, சத்தியப் பிரமாண வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்யச் சொல்லி வக்கீலை இந்த வாரமே வற்புறுத்துங்கள்.